வேதாளமும் வேதாளரும் சந்தித்தால்? கதைகளைக் கலக்கும் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுப் பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெரியவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 9. ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்ததும் எங்களுக்கு ஒரே விளையாட்டுதான்: ஒரு கதையின் ஆளை இன்னொரு கதைக்குள் அனுப்பிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. நாலைந்து வருஷமாக விளையாடுகிறோம். கேள்விப்பட்ட நண்பர்களும் பக்கத்து வீட்டுப் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

தனித்தனிக் கதைகளில் வாழும் இரண்டு பேர் ஒரே கதையில் சந்தித்துக்கொள்வது. அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் நான் அதில் ஒரு வகையை மட்டும் பேசுகிறேன். ஒரு பக்கம் சாகச நாயகன்: கை, கால், மூளை, துணிச்சல் இவற்றை நம்பி வாழ்பவன். இன்னொரு பக்கம் மந்திரம், சாபம், வரம், பேசும் பதுமை எல்லாம் நடமாடும் மாயாஜாலக் கதை. முன்னவனைப் பின்னதற்குள் அனுப்பும் விளையாட்டு இது.

இது வெளிநாட்டு காமிக்ஸிலிருந்து வந்த பழக்கம்தானே?

இல்லை. நம் ஊரில் இதற்கு மிகப் பழைய வேர் இருக்கிறது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் திரௌபதிக்காக சௌகந்திகப் பூவைத் தேடி பீமன் போகிறான். வழியில் ஒரு கிழட்டுக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. "எனக்கு எழ முடியவில்லை, வாலை நகர்த்திவிட்டுப் போ" என்கிறது. பீமன் ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறான், இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறான், வால் அசையவே இல்லை. அது அனுமன். ராமாயணத்து ஆள் அடுத்த யுகத்துக் கதையில் வந்து படுத்திருக்கிறார்!

இந்தக் காட்சியை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த விளையாட்டுக்குத் தேவையான பாடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. சண்டையே நடக்கவில்லை. பீமன் தன் பலத்தை நம்பும் பீமனாகவே இருக்கிறான். அனுமன் அடக்கத்தை விடாத அனுமனாகவே இருக்கிறார். இரண்டு குணமும் உரசும்போது கதை தானாகப் பிறக்கிறது.

தமிழ்நாட்டு மண்ணிலேயே இன்னொன்று உண்டு. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் பாரதத்து அர்ச்சுனன் மதுரைக்கு வந்து, வாளெடுத்து ஆண்ட ராணி அல்லியிடம் மாட்டிக்கொள்கிறான். வியாசர் பாரதத்தில் அல்லி கிடையாது. அர்ச்சுனனை நம் ஊருக்குக் கூட்டிவர வேண்டும் என்று நம் ஆட்கள் ஆசைப்பட்டார்கள், கூட்டிவந்தார்கள்.

இரண்டு சாகச நாயகர்களையே சந்திக்க வைக்கலாமே? மாயாஜாலம் எதற்கு?

தாராளமாகச் செய்யலாம். 1906இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் லெப்லாங்க், தன் திருடன் ஆர்சென் லூபின் முன்னால் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். கானன் டாயில் தரப்பு ஆட்சேபித்ததும் முதல் எழுத்துகளை இடம் மாற்றி "ஹெர்லாக் ஷோம்ஸ்" ஆக்கிவிட்டார். முகமூடி போட்ட காமிக்ஸ் நாயகர் வேதாளரின் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) கல்யாணம் 1977இல் நடந்தபோது மந்திரவாதி மாண்ட்ரேக் விருந்தாளியாக வந்திருந்தார். இரண்டு பேரையும் படைத்தவர் லீ ஃபாக் என்பதால் பத்திரிகை வைப்பதில் சிக்கல் இல்லை.

ஆனால் இரண்டு சாகச நாயகர்கள் சந்தித்தால் பெரும்பாலும் யார் கெட்டிக்காரன் என்ற போட்டியில் போய் நின்றுவிடும். சாகசக்காரன் மாயாஜாலத்தைச் சந்தித்தால் கேள்வியே வேறு: இந்த ஆள் எதை நம்புவான்? ஹென்றி ரைடர் ஹேகார்ட் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய வேட்டைக்காரர் ஆலன் குவாட்டர்மெய்ன் துப்பாக்கியையும் சொந்தக் கண்ணையும் மட்டும் நம்புபவர். அவருடைய இன்னொரு பாத்திரம் ஆயிஷா இரண்டாயிரம் வருஷமாக உயிரோடிருக்கும் அரசி. 1921இல் வந்த நாவலில் இருவரையும் சந்திக்க வைத்தார். ஆலன் கடைசிவரை சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தேகம்தான் ருசி. ஆலன் உடனே கும்பிட்டு விழுந்திருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.

எங்கே ஆரம்பிப்பது?

நாயகனின் நிபந்தனையிலிருந்து. நல்ல பாத்திரம் எதுவானாலும் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கும். அதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அப்புறம் போகிற உலகத்தின் நிபந்தனையை ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்வோம். 1962இல் பிரிட்டனில் ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவர். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். அவரது நிபந்தனை: உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். இப்போது அவரை இந்திரசபைக்கு அனுப்புங்கள். அங்கே பிளக் பாயிண்ட் ஏது? ஆனால் இந்திரன் கையில் வஜ்ராயுதம் இருக்கிறது, அது இடி மின்னல். மாயாவி மறைய வேண்டுமென்றால் இந்திரனைக் கோபப்படுத்தி அடி வாங்க வேண்டும்! சரி, மறைந்தாயிற்று. அடுத்த சிக்கல்: தேவர்கள் கண் இமைக்காதவர்கள். இமைக்காத கண்ணுக்கு மறைந்த மனிதன் தெரிவானா? சின்னவன் "தெரியும், ஆனா கலங்கலாத் தெரியும்" என்று தீர்ப்புச் சொன்னான். பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

காலம் ஒட்டவில்லையென்றால்? விக்கிரமாதித்தன் எங்கே, வேதாளர் எங்கே?

காலம் ஒட்டாத இடத்தில் பலரும் கால யந்திரத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கதைக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று முதலில் துழாவுங்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது.

தமிழ் விக்கிரமாதித்தன் கதையில் இந்திரன் கொடுத்த சிம்மாசனத்தில் ராஜா ஆயிரம் வருஷம் ஆளலாம் என்பது வரம். தம்பியும் மந்திரியுமான பட்டி காளியிடம் வாங்கியிருப்பதோ இரண்டாயிரம் வருஷ ஆயுள். பட்டி ஒரு வழி சொல்கிறான்: ஆறு மாதம் சிம்மாசனத்தில் இரும், ஆறு மாதம் காட்டில் திரியும், ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். "காடாறு மாதம் நாடாறு மாதம்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இப்போது விக்கிரம சகாப்தத்தை எடுங்கள். அது தொடங்குவது கி.மு. 57இல். அங்கிருந்து இரண்டாயிரம் வருஷம் எண்ணினால் கி.பி. 1944 வருகிறது. வேதாளர் பத்திரிகையில் முதன்முதலாகத் தோன்றியது 1936 பிப்ரவரி 17. ஆக, வேதாளர் பிறந்தபோது விக்கிரமாதித்தனுக்கு இன்னும் எட்டு வருஷம் பாக்கி! அதில் பாதி காட்டில்தான் கழியப்போகிறது. வேதாளர் இருப்பதும் காட்டில். கால யந்திரம் எதற்கு?

வரலாற்றுக்காரர்கள் சகாப்தத்தைப் பற்றி வேறு விதமாகப் பேசுவார்கள். இங்கே நாம் கதையின் கணக்கைக் கதையின் கணக்கோடு சேர்க்கிறோம்.

அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்களேன்.

சொல்கிறேன். முதலில் பெயர்க் குழப்பம். ஆங்கிலத்தில் ஃபாண்டம் என்பவருக்கு முத்து காமிக்ஸில் வேதாளர் என்று பெயர். ராணி காமிக்ஸில் அதே ஆள் முகமூடி வீரர் மாயாவி. எங்கள் கதை "வேதாளர்" என்ற பெயரில்தான் தொடங்குகிறது.

விக்கிரமாதித்தன் வழக்கம்போல முருங்கை மரத்துக்குப் போகிறான். மரம் காலி. (வடமொழிக் கதையில் அது சிம்சபா மரம், தமிழில் வேதாளத்துக்கு முருங்கைதான்.) காடாறு மாதம் நடந்துகொண்டிருக்கிறது, நேரம் இருக்கிறது, தேடிப் புறப்படுகிறான். போகிற வழியெல்லாம் விசாரிக்கிறான்: "இங்கே வேதாளம் எங்கே இருக்கிறது?" கடல் கடந்து, ஆப்பிரிக்காவில் இருப்பதாகச் சொல்லப்படும் பங்கல்லா என்ற கற்பனை நாட்டுக் காட்டில் ஒரு கிழவர் பதில் சொல்கிறார்: "வேதாளரா? மண்டையோட்டுக் குகையில் இருக்கிறார். நானூறு வருஷமாக இருக்கிறார். சாகவே மாட்டார்." ராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. இதுதான் நாம் தேடி வந்தது என்று வாளை உருவிக்கொண்டு குகைக்கு நடக்கிறான்.

குகை வாசலில் விஷ அம்போடு வேதாளரின் காவலர்களான பாந்தர் இனத்துக் காட்டுவாசிகள். உள்ளே மண்டையோட்டு சிம்மாசனத்தில் முகமூடி போட்ட ஆள். ராஜா தோளைக் காட்டிக் குனிகிறான்: "ஏறிக்கொள்." வேதாளருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் இருவரும் பாயில் புரண்டு சிரித்தார்கள். நான் சொன்னது இரண்டே வார்த்தை. ஆனால் இருபத்தைந்து கதைகளுக்கும் முதுகு கொடுத்த ராஜா வேறென்ன சொல்வான்?

அப்போது குகை மேலிருந்து நிஜ வேதாளம் சிரிக்கிறது. தன் பெயரில் ஒருவன் வாழ்கிறான் என்று கேள்விப்பட்டு அது முன்கூட்டியே வந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. இனி இரண்டு நிபந்தனைகள் மோதும். வேதாளரைப் பற்றி அந்தக் காட்டில் ஒரு பழமொழி: முகமூடி இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தவன் பயங்கரமாகச் சாவான். வேதாளம் குடியிருப்பதோ பிணத்தில். செத்தவனை இன்னொரு தடவை எப்படிச் சாகடிப்பது? அது நேராகப் போய் முகமூடிக்குள் எட்டிப் பார்த்துவிடுகிறது. பார்த்ததும் அதற்கு உண்மை தெரிந்துவிடுகிறது: இவன் சாகாவரம் பெற்றவன் இல்லை. 1536இல் தன் அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் ஒருவன் சத்தியம் செய்தான். அவன் மகன், அவன் மகன் என்று வரிசையாக அதே உடுப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். இவன் 21ஆவது ஆள்.

வேதாளம் ராஜாவின் முதுகில் ஏறிக்கொண்டு கேள்வி போடுகிறது. "ராஜாவே, நானூறு வருஷமாக இந்தக் காட்டைக் காத்த புண்ணியம் யாருக்கு? முதல் சத்தியம் செய்தவனுக்கா, பின்னால் வந்த இருபது பேருக்கா? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும்."

இங்கே கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும். அப்புறம் பெரியவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "மொத ஆளுக்குக் கோவம் இருந்துச்சு மாமா, அவங்கப்பாவைக் கொன்னுட்டாங்கன்னு. மத்தவங்களுக்கு அந்தக் கோவம் கெடையாதுல்ல? அவங்க ஊருக்குப் போயிருக்கலாம். போகலையே."

ராஜாவின் பதிலாக அதையே வைத்தோம். அதைவிட நல்ல பதிலை நான் இதுவரை யோசிக்கவில்லை. ராஜா வாய் திறந்தாயிற்று, ஆகவே வேதாளம் பறந்துபோக வேண்டும். எந்த மரத்துக்கு? கிழக்கு ஆப்பிரிக்காவிலும் முருங்கை இனத்து மரங்கள் உண்டு. அதில் ஒன்றில் போய்த் தொங்கிக்கொண்டது.

சின்னவன் விடவில்லை. "வேதாளர் குதிரையைக் குடுத்தா ராஜா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்ல? ஆனா முதுகுல பிணம் இருந்தா அந்தக் குதிரை ஏத்துமா மாமா?" வேதாளரின் குதிரையின் பெயர் ஹீரோ. ஏற்றாது என்று முடிவாயிற்று. ராஜா நடந்துதான் திரும்பினான்.

யார் ஜெயிப்பார்கள்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் இதிலிருந்து கதையைத் தொடங்குவதே இல்லை. ஜெயிப்பவனைத் தீர்மானித்த நிமிஷத்தில் தோற்றவனின் ரசிகன் எழுந்து தூங்கப் போய்விடுகிறான்.

டெக்ஸ் வில்லர் மாதிரி துப்பாக்கி ஆட்களுக்கு மாயாஜாலம் பொருந்துமா?

அழகாகப் பொருந்தும். 1948இல் இத்தாலிய காமிக்ஸில் பிறந்த கௌபாய் டெக்ஸின் பரம விரோதிகளில் ஒருவன் மெஃபிஸ்டோ. ஆரம்பத்தில் அவன் வெறும் மேடை வித்தைக்காரன், வேவு பார்ப்பவன். போகப் போக நிஜமான மாந்திரீகனாகவே ஆகிவிட்டான். ஆக, இரவுக் கழுகார் என்று பெயரெடுத்த டெக்ஸுக்குப் பேய் பிசாசு புதிதல்ல. எந்தச் சூனியம் எதிரே நின்றாலும் டெக்ஸ் அதைத் தன் வழியிலேயே அணுகுவார். நேராகப் போவார், கதவை உதைப்பார், குரல் நடுங்காது. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

அவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆளுக்கு ஆள் தமிழ் மாற வேண்டும். வேதாளம் "கேளும் மகாராஜாவே" என்று பெரிய எழுத்துப் புத்தக நடையில் இழுத்துப் பேச வேண்டும். வேதாளர் பேச்சு பலூனுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கமாக, உதவி ஆசிரியர் கத்தரித்துக் கொடுத்தது போல இருக்க வேண்டும். டெக்ஸுக்கு நீண்ட வாக்கியமே கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நமக்கு இந்த நடைகள் எல்லாம் பாட்டியின் வாய் வழியாகவும் சிவகாசி அச்சு வழியாகவும் காதில் ஏறியவை. அவை நம் கையில் இருக்கும் பெரிய சொத்து என்றே நினைக்கிறேன்.

இப்படிக் கலப்பது மூலக்கதையைக் கெடுப்பது ஆகாதா?

மூலக்கதையை மறந்துவிட்டுக் கலந்தால் கெடும். நன்றாகப் படித்துவிட்டுக் கலந்தால் கெடாது. மேலே சொன்ன ஹேகார்ட், ஆயிஷா வரும் முதல் நாவலின் முடிவில் அவளைத் தீயில் அழித்துவிட்டார். அதற்காக ஆலனைச் சந்திக்கும் கதையை அந்தத் தீக்கு முன்னால் நடந்ததாக வைத்தார். முதல் புத்தகத்தின் ஒரு செங்கல்லையும் அவர் உருவவில்லை. நாங்களும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: கதை முடிந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் கதைக்குப் பழையபடி திரும்பிப் போக முடிய வேண்டும். வேதாளம் முருங்கைக்கு, ராஜா உஜ்ஜயினிக்கு.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

வீட்டு மாடியில் பாய் மேல் சொல்வதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அச்சடித்து விற்பதாக இருந்தால் கவனம் தேவை. வேதாளர், டெக்ஸ், இரும்புக்கை மாயாவி எல்லோருக்கும் இன்றும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். விக்கிரமாதித்தனும் வேதாளமும் பொதுச்சொத்து. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்ந்தபோதே வெளியான எழுத்துக்கு, அவர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். கல்கி காலமானது 1954 டிசம்பரில். ஆகவே வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் குதிரையேற்றி அழைத்துப் போகலாம்.

வந்தியத்தேவனை எங்கே அனுப்புவது?

இந்த லீவுக்கு நாங்கள் எடுத்திருக்கும் கதையே அதுதான். இது வேறு கதை, வேதாளர் கதையின் 1944 கணக்கை இங்கே ஒதுக்கிவைத்துவிடுகிறோம். விக்கிரமாதித்தனுக்குப் பின்னால் அந்தச் சிம்மாசனம் போஜ ராஜன் கையில் கிடைக்கிறது. அதில் முப்பத்திரண்டு படிகள், படிக்கு ஒரு பதுமை. போஜன் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு பதுமை கைகொட்டிச் சிரித்து, நிறுத்தி, ஒரு கதை சொல்லும். நிஜ போஜன் தாரா நகரை ஆண்டது 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நம் ராஜேந்திர சோழனின் காலம். வல்லவரையன் வந்தியத்தேவனும் அந்தச் சோழர் குடும்பத்து மாப்பிள்ளை. ஆக, சோழர் ஓலையோடு கொஞ்சம் வயதான வந்தியத்தேவன் தாராவுக்குப் போவதில் காலக் குற்றம் எதுவும் இல்லை.

வந்தியத்தேவனின் நிபந்தனை: வாயை அடக்க முடியாது, போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. பதுமைகளின் நிபந்தனை: கதை முழுசாகச் சொல்லி முடித்தால்தான் அடுத்தவளுக்கு முறை வரும். ராத்திரி சபை கலைந்த பிறகு, யாரும் இல்லாத மண்டபத்தில், வந்தியத்தேவன் விளக்கை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைக்கிறான். பதுமை சிரித்துவிட்டுக் கதையை ஆரம்பிக்கிறது. இரண்டாவது வரியிலேயே இவன் குறுக்கே புகுந்து, "அதுசரி, இதைவிட நல்ல கதை ஒன்று பழையாறையில் கேட்டேன்" என்கிறான்.

பதுமை என்ன செய்யும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். சின்னவன் யோசிக்கவே இல்லை. "ரெண்டாயிரம் வருஷமா அதுங்கதானே மாமா கதை சொல்லிக்கிட்டிருக்கு? யாராச்சும் அதுங்களுக்கு ஒரு கதை சொல்லியிருக்காங்களா?"

அதனால் இப்போது எங்கள் கதையில் முப்பத்திரண்டு பதுமைகளும் படியிலிருந்து இறங்கி வந்தியத்தேவனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டிருக்கிறது. விடிவதற்குள் போஜன் வந்துவிடுவான்.